அனிமோன் பூவை நீர்வண்ணத்தில் வரைய: நடுக்கருமையும் வெள்ளை வளையமும் சரியாக வர என்ன செய்வது?

செந்தூரி:

வணக்கம். அனிமோன் கொரோனேரியா பூவை நேரில் வைத்து நீர்வண்ணத்தில் வரைவது பற்றி விளக்கம் தேவை. கடையில் கிடைக்கும் கொத்துதான், சிவப்பும் நீல ஊதாவும் கலந்தது. தாள் 300 ஜிஎஸ்எம் பருத்தித் தாள், ஹாட் பிரஸ், அதாவது வழவழப்பான மேற்பரப்பு. நான்கு இடத்தில் தட்டுகிறது.

ஒன்று, நடுவிலுள்ள கருங்குமிழ் சட்டைப் பொத்தானைத் தைத்து வைத்த மாதிரி தட்டையாக நிற்கிறது. இரண்டு, சிவப்பு ஈரத்தில் தணல் மாதிரி இருக்கிறது, காய்ந்தால் வெளுக்கிறது. அதன்மேல் நிழல் போட்டால் பழுப்பாகிவிடுகிறது. மூன்று, சிவப்புக்கும் கருப்புக்கும் இடையே வரும் வெள்ளை வளையம். நிறம் படாமல் தாளை மறைக்கும் மாஸ்கிங் ஃப்ளூயிட் போட்டால் ஓரம் கத்தியால் வெட்டியது போல இருக்கிறது. நான்கு, காலையில் கோடு போட்ட பூ மதியம் பார்த்தால் வேறு பூ.

பழைய ஓவியங்களில் எதைப் பார்த்துக் கற்கலாம் என்பதையும், இந்த இனம் நம் மலைகளில் உண்டா என்பதையும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

சோலைப்புல்:

நான்காவது சிக்கலில் இருந்து தொடங்குகிறேன். அது புரிந்தால் மற்ற மூன்றில் பாதி தீரும்.

அனிமோன் வெளிச்சத்துக்கும் வெப்பத்துக்கும் திறந்து, இருட்டிலும் குளிரிலும் மூடும் பூ. வெட்டிய பிறகும் இது நிற்பதில்லை. தண்ணீரில் வைத்த தண்டும் இதழும் வளர்ந்துகொண்டே இருக்கும், தண்டு வெளிச்சத்தின் பக்கம் வளையும். நீங்கள் காலையில் அளந்த அளவு மாலையில் பொய்யாகிவிடுவது உங்கள் கைப்பிழை இல்லை.

அடுத்து, பூவின் கட்டமைப்பு. சிவப்பாகத் தெரிபவை அல்லி இதழ்கள் அல்ல. இந்தப் பூவில் அல்லி, புல்லி என்ற பிரிவே இல்லை. இருப்பது ஒரே வகைப் பூவிதழ், ஒற்றை அடுக்கு வகைகளில் பெரும்பாலும் ஐந்து முதல் எட்டு. அதனால்தான் பூவைத் திருப்பிப் பார்த்தால் ரோஜாவில் இருப்பது போலப் பச்சைப் புல்லிவட்டம் தெரியாது. இதழின் வெளிப்புறம் உள்புறத்தைவிட வெளிறி, பட்டு ரோமத்தோடு இருக்கும். பக்கவாட்டுத் தோற்றம் வரைகிறவர்கள் இரண்டு பக்கத்துக்கும் ஒரே சிவப்பைப் போட்டுவிடுவது பரவலான தவறு.

பச்சைப் புல்லிக்குப் பதிலாகத் தண்டில் சற்றுக் கீழே மூன்று பூவடிச் செதில்கள் ஒரே இடத்திலிருந்து கிளம்பும். கொத்தமல்லித் தழையைப் போலக் கீறிக் கீறி இருக்கும் அந்தக் காலர்தான் அனிமோனின் அடையாளம். பாப்பியில் இது கிடையாது. பாப்பியின் இரண்டு புல்லிகள் பூ விரியும்போதே உதிர்ந்துவிடும். அனிமோனின் உறவுப் பூவான ரனன்குலஸில் பூவை ஒட்டியே பச்சைப் புல்லிகள் இருக்கும். ஓவியத்தில் காலரை விட்டுவிட்டால் பார்ப்பவர் பாப்பி என்றுதான் சொல்வார்.

காலர் இன்னொரு வேலையும் செய்கிறது: பூவின் வயதைச் சொல்லும். மொட்டாக இருக்கும்போது அது பூவை ஒட்டி இருக்கும். பூ முதிர முதிர இடையில் உள்ள தண்டு நீண்டு பூவை மேலே தூக்கும். காலருக்கும் பூவுக்கும் இடையே சுமார் 2 செ.மீ. இருக்கும் தண்டை எடுங்கள். இடைவெளியே இல்லாத மொட்டு, வெட்டிய பின் சரியாக விரியாமல் போகலாம். நான்கைந்து விரல் அகலம் விழுந்துவிட்டால் பூ முடியும் தறுவாயில் இருக்கிறது, நீங்கள் வரைந்து முடிப்பதற்குள் கொட்டிவிடும்.

நடுக்குமிழ் என்பது நூற்றுக்கணக்கான தனித்தனிச் சூலகங்கள் நெருங்கி உட்கார்ந்த ஓர் அரைக்கோளம். அதைச் சுற்றிப் பல வரிசையாக மகரந்தத்தாள்கள், கருநீலப் பைகளோடு. குமிழுக்கும் தாள்களுக்கும் இடையே ஒரு பள்ளம் உண்டு. பூவின் மிக ஆழமான கருப்பு அந்தப் பள்ளத்தில்தான் இருக்கிறது, குமிழின் உச்சியில் இல்லை. பொத்தான் சிக்கலுக்குப் பதில் இதுதான். உச்சியைக் கருப்பாக்கிப் பள்ளத்தையும் அதே கருப்பாக்கினால் உருண்டை எங்கிருந்து வரும்?

---

வண்ணக்கூடு:

சோலைப்புல் சொன்ன பள்ளத்தை நூறு முறை வழிமொழிகிறேன். இனி வேலை முறை.

பூவை அடக்குவது: கொத்தை வாங்கியதும் தண்டு நுனியை ஒரு செ.மீ. வெட்டிவிட்டு, 5 செ.மீ. ஆழக் குளிர்ந்த நீரில் வையுங்கள். பிறகு பாத்திரத்தோடு ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டு. பழங்கள் இருக்கும் ஃப்ரிட்ஜ் வேண்டாம். அவை விடும் எத்திலீன் பூவைச் சீக்கிரம் உதிர்க்கும். டாஃபடில் வைத்த தண்ணீரிலும் சேர்த்து வைக்காதீர்கள், அதன் தண்டுச் சாறு அனிமோனைக் கெடுக்கும். ஒரே நிறத்தில், ஒரே வயதில் இரண்டு பூ தேர்ந்தெடுத்து, ஒன்றை வெளியே எடுத்து வரையும்போது மற்றதைக் குளிரில் விடுங்கள். மேசையில் வெப்பம் 20 டிகிரி அளவில் இருந்தால் ஓரிரு மணி நேரம் பூ உங்கள் பேச்சைக் கேட்கும். சமவெளிக் கோடையில் விசிறிக் காற்றில் வைத்தால் விரிந்த தட்டாகிவிடும். மேசை விளக்கு எல்.இ.டி.யாக இருக்கட்டும், பழைய குண்டு பல்பின் சூடே பூவைத் திறந்துவிடும்.

வரையும் வரிசை: முதலில் தண்டின் அச்சை ஒரு மெல்லிய கோடாக இழுத்து, அதைப் பூவுக்குள்ளேயும் நீட்டுங்கள். அந்தக் கோடு குமிழின் மையத்தைக் கடக்க வேண்டும். பூ சாய்ந்திருந்தால் கிண்ணத்தின் வாய் நீள்வட்டமாகத் தெரியும். குமிழ் அந்த நீள்வட்டத்தின் நட்டநடுவில் இருக்காது, அச்சின் வழியே கீழே, கிண்ணத்தின் அடியில் இருக்கும். பொத்தான் போலத் தெரிவதற்கு நிறத்தைவிட இந்த இடப்பிழைதான் பெரிய காரணம். குமிழ், அதன்பின் மகரந்தத்தாள் வளையம், அதன்பின் முன்னால் நிற்கும் இதழ், கடைசியாகப் பின்னிதழ்கள் என்று போங்கள். நடுப்பகுதி மணிக்கணக்கில் அதிகம் மாறாது, இதழ்தான் ஓடும். நிற்பதை முதலில் பிடித்துவிட்டால், ஓடுவதை அதற்கு ஒப்பிட்டு அளக்கலாம்.

சிவப்பு: அலிசரின் கிரிம்சன், அதாவது பி.ஆர். 83 (வண்ணக் குழாயில் போட்டிருக்கும் நிறமிக் குறியீடு), வெளிச்சத்தில் மங்கும் நிறமி, இதற்கு வேண்டாம். அடிப்பூச்சுக்குப் பைரோல் ஸ்கார்லெட் பி.ஆர். 255, நீர்த்து. அதன்மேல் பைரோல் ரெட் பி.ஆர். 254. மடிப்புக்குள் குவினாக்ரிடோன் ரோஸ் பி.வி. 19. ஆழ்நிழலுக்குப் பெரிலீன் மெரூன் பி.ஆர். 179. சிவப்பின் நிழலுக்குக் கருப்போ பச்சையோ கலப்பதால்தான் பழுப்பு வருகிறது. பச்சை சிவப்பின் எதிர்நிறம், இரண்டும் ஒன்றையொன்று கொல்லும். சிவப்பின் நிழல் இன்னும் ஆழமான சிவப்பாகவே இருக்கட்டும். மிக இருண்ட இரண்டு மூன்று மடிப்பில் மட்டும் மெரூனில் துளி இன்டாந்த்ரோன் ப்ளூ சேர்க்கலாம்.

காய்ந்ததும் வெளுப்பது நீர்வண்ணத்தின் இயல்பு. அதற்கு ஈடாக ஒரே பூச்சில் கெட்டியாகப் போட்டால் காய்ந்தபின் மெழுகு மாதிரி பளபளத்து, வெல்வெட் தன்மை போய்விடும். நீர்த்த பூச்சாக ஐந்து முதல் ஏழு. ஒவ்வொன்றும் புறங்கையை வைத்தால் தாள் குளிராமல் இருக்கும் அளவுக்குக் காய்ந்த பிறகே அடுத்தது. குளிர்ச்சி தெரிந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. மேலே தூரிகை பட்டதும் அடிப்பூச்சு எழுந்து திட்டாகும். கடைசி இரண்டு பூச்சை 2ஆம் எண் தூரிகையில், ஏறக்குறைய உலர்ந்த நிலையில், இதழின் அடியிலிருந்து நுனிக்கு ஓடும் நரம்பின் திசையிலேயே இழுங்கள். குறுக்கே ஒரு கோடு விழுந்தாலும் இதழ் துணியாகிவிடும்.

வளையம்: மாஸ்கிங் ஃப்ளூயிட் வேண்டவே வேண்டாம். ஹாட் பிரஸ் தாளின் மேற்பரப்பை அது உரித்துவிடும், ஓரமும் நீங்கள் சொன்னபடி வெட்டுப்பட்டு நிற்கும். வளையத்தின் வெளி ஓரத்தில் நல்ல தண்ணீர் மட்டும் தொட்ட தூரிகையால் 2 மி.மீ. அகலம் நனைத்து, சிவப்பை வெளியிலிருந்து அந்த ஈரத்தின் விளிம்புவரை கொண்டுவந்து நிறுத்துங்கள். நிறம் தானாக உள்ளே இழைந்து தேயும். காய்ந்தபின் 0 எண் தூரிகையால் சிவப்பிலிருந்து வெள்ளைக்குள் சில மெல்லிய ஆரக்கோடுகள். உண்மைப் பூவில் எல்லை ஒரு வட்டக்கோடாக இல்லை, சீப்புப் பல் மாதிரிதான் இருக்கிறது. வெள்ளையை வெறும் தாளாக விட்டாலும் குமிழின் நிழல் விழும் பக்கத்தில் மிக நீர்த்த சாம்பல் ஊதா ஒரு தடவை ஓடட்டும். இல்லாவிட்டால் வளையம் காகிதத்தில் போட்ட ஓட்டை மாதிரி தெரியும்.

கருமை: விளக்குக் கரிக் கருப்பு, பி.பி.கே. 6, இங்கே உதவாது. ஒளியை முழுக்க விழுங்கி ஒரு குழியாகிவிடும். அடுத்த பூச்சில் கரைந்து வெள்ளை வளையத்துக்குள் பரவவும் செய்யும். அல்ட்ராமரின் இரண்டு பங்கு, பர்ன்ட் அம்பர் ஒரு பங்கு. அல்லது இன்டாந்த்ரோன் ப்ளூவும் பெரிலீன் மெரூனும் சமமாக. இரண்டாவது கலவையில் ஊதாச் சாயல் வரும், எனக்கு அதுவே இந்தப் பூவுக்குப் பொருத்தம். முதலில் குமிழ் முழுவதும் வெளிர் நீல ஊதாப் பூச்சு ஒன்று. அது காய்ந்தபின் புள்ளிகள்: உச்சியில் இடைவெளி விட்டு, ஓரம் போகப் போக நெருக்கி, பள்ளத்தில் முழுக் கருமை. புள்ளிகள் உச்சியிலிருந்து சுற்றிச் சரியும் வளைகோட்டில் விழ வேண்டும். கண்டபடி தெளித்தால் உருண்டை வராது. மகரந்தப் பைகளை ஒவ்வொன்றாகச் சிறு அரிசி வடிவில் போட்டு, சிலவற்றின் மேல்முனையில் அடிப்பூச்சின் வெளிர் நீலத்தை அப்படியே விட்டுவிடுங்கள். எல்லாவற்றையும் ஒரே நீளத்தில், ஒரே இடைவெளியில் போட்டால் கடிகார முள் மாதிரி ஆகும். சில மகரந்தத்தாள்கள் குமிழின் மேல் சாய்ந்திருக்கும், சில இதழின் மேல் விழுந்திருக்கும்.

மகரந்தம் கருந்தூளாக இதழில் கொட்டும். மாதிரிப் பூவிலிருந்து அது தாளில் விழுந்தால் கையால் துடைக்காதீர்கள், இழுபட்டுக் கறையாகும். உலர்ந்த மென்தூரிகையால் தட்டிவிடுங்கள்.

---

செந்தூரி:

அச்சுக்கோட்டைப் பற்றி இதுவரை யாரும் சொன்னதில்லை, மிக்க நன்றி. ஒரு துணைக்கேள்வி: நீல ஊதாப் பூவைப் புகைப்படம் எடுத்து வைத்து வரையலாமா? படத்தில் அது சுத்த நீலமாக விழுகிறது.

---

வண்ணக்கூடு:

நிறத்துக்குப் புகைப்படத்தை நம்பாதீர்கள். நீல ஊதாவில் கேமரா சிவப்புப் பங்கைக் குறைத்துப் பதிவது பரவலாகக் காணும் குறை. வடிவத்துக்கு மட்டும் படம் வைத்துக்கொள்ளுங்கள். நிறத்துக்கு, பூ புதிதாக இருக்கும்போதே அதே தாளின் ஒரு துண்டில் மாதிரிக் கட்டங்கள் போட்டு, காய்ந்தபின் இதழை அருகே வைத்து ஒப்பிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அல்ட்ராமரினும் பி.வி. 19உம் மூன்றுக்கு ஒன்று என்று தொடங்கி, பூவுக்கு ஏற்பக் கூட்டிக் குறைக்கலாம்.

---

பழஞ்சுவடி:

ஓவியங்கள் பற்றி.

மலர் ஓவியர் பியர் ஜோசஃப் ரெடூட்டே (1759–1840) முதலில். 1827 முதல் 1833 வரை வெளிவந்த அவருடைய மலர்த் தொகுப்பில் அனிமோன்கள் உண்டு. அந்த அச்சுப்படங்கள் கோடுகளால் அல்லாமல் புள்ளிகளால் செதுக்கிய தகட்டில், ஒரே தகட்டில் பல நிறம் தடவி அச்சிட்டு, மேலே கையால் நிறம் தீட்டியவை. வண்ணக்கூடு சொல்லும் புள்ளி முறையை இதழின் மென்மைக்கும் எப்படிப் பயன்படுத்தலாம் என்பதை அங்கே பெரிதாக்கிப் பாருங்கள். நிழல் எங்கே தொடங்குகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது.

லியனார்டோ டா வின்சியின் தாள் ஒன்று வின்ட்சரில், பிரிட்டிஷ் அரச சேகரிப்பில் இருக்கிறது, சுமார் 1506–12. பெத்லகேம் நட்சத்திரச் செடியின் இலைகள் நீர்ச்சுழி போலச் சுழல, பக்கத்தில் அனிமோன் நெமரோசா. இது ஐரோப்பியக் காடுகளின் தரையில் மரம் துளிர்க்குமுன் பூக்கும் வெள்ளைச் சிற்றினம். நூறு ஆண்டில் ஆறடிதான் பரவும் என்று பொதுவாகச் சொல்வார்கள். பிரிட்டனில் பழங்காட்டுக்கு அடையாளமாக அதைக் கொள்வது இதனால்தான். அந்தத் தாளில் நிறமே இல்லை, சிவப்புச் சுண்ணக்கட்டியும் மைக்கோடும் மட்டும். செடி எப்படி எழுந்து நிற்கிறது என்பதைக் கற்க அது போதும்.

டச்சு, ஃபிளெமிஷ் மலர்க்கொத்து ஓவியங்களில், ஆம்ப்ரோசியஸ் போஸ்கார்ட் தொடங்கி, அனிமோன் அடிக்கடி வரும். ஒன்றைக் கவனித்துப் பாருங்கள்: ஒரே ஜாடியில் வெவ்வேறு பருவத்துப் பூக்கள் இருக்கும். தனித்தனியாகச் செய்து வைத்த ஆய்வுப் படங்களிலிருந்து கோத்தவை அவை. நீங்களும் ஒரே அமர்வில் முடிக்கப் போராட வேண்டியதில்லை. முகப்புத் தோற்றம், பக்கத் தோற்றம், பின்புறம், மொட்டு என்று தனித்தாள்களில் ஆய்வு செய்து பிறகு கோக்கலாம்.

பிரெஞ்சு ஓவியர் மாத்தீஸ் இதற்கு நேர் எதிர்முனை. பால்டிமோர் கலை அருங்காட்சியகத்திலுள்ள 1937ஆம் ஆண்டு ஓவியத்தில் ஊதா அங்கி அணிந்த பெண்ணின் அருகே ஒரு ஜாடி அனிமோன். இதழ் நரம்பு, மகரந்தப் பை எதுவும் எண்ணிப் போடப்படவில்லை. ஆனாலும் அது அனிமோன்தான், வேறு பூ என்று யாரும் சொல்ல முடியாது. கருநடுவும் அதைச் சூழும் நிறமும் சரியாக இருந்தால் கண் மீதியை நிரப்பிக்கொள்கிறது. எதை விட்டுவிடலாம் என்பதற்கு அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

பெயரையும் சொல்லிவிடுகிறேன். கிரேக்கத்தில் அனிமோஸ் என்றால் காற்று. காற்றடித்தால்தான் இந்தப் பூ திறக்கும் என்று எழுதினார் பண்டைய ரோமானிய அறிஞர் பிளினி. சோலைப்புல் சொன்னபடி அது தவறு. கிரேக்கப் புராண இளைஞன் அடோனிஸின் குருதியிலிருந்து முளைத்த பூ என்று பாடிய ரோமானியக் கவிஞர் ஓவிட், பெயர் கொடுத்த அதே காற்றே அதை உதிர்த்தும் விடுகிறது என்றார். அது சரியான கவனிப்பு. அரபியில் இதற்கு ஷகாயிகுந் நுஃமான் என்று பெயர், ஹீரா நாட்டு மன்னன் நுஃமானோடு சேர்த்துச் சொல்வார்கள். தமிழ் விவிலியத்தில் மலைப்பொழிவில் வரும் ‘காட்டுப்புஷ்பங்கள்’ மூலத்தில் லில்லியைக் குறிக்கும் சொல். ஆனால் கலிலேயா மலைச்சரிவுகளைச் சிவப்பாக்கும் இந்த அனிமோனையே அது குறிக்கலாம் என்று கருதுவோர் பலர். மொழிபெயர்த்தவர்கள் ஒரு குறிப்பிட்ட பூவின் பெயரில் மாட்டாமல் பொதுச்சொல் போட்டது நல்லதாயிற்று.

---

சோலைப்புல்:

பழஞ்சுவடி ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். கொரோனேரியாவுக்கும் காற்றுக்கும் உண்மையான உறவு ஒன்று இருக்கிறது: விதை. ஒவ்வொரு விதையும் பஞ்சில் பொதிந்து காற்றில் பறக்கும். 17ஆம் நூற்றாண்டுப் பாரிஸில் பாஷலியே என்ற தோட்டக்காரர் இந்தச் செடியை யாருக்கும் தராமல் வைத்திருந்ததாகவும், விதை முதிர்ந்த நேரத்தில் பார்வையிட வந்த அதிகாரி ஒருவர் தன் நீண்ட அங்கியை அதன்மேல் புரளவிட்டு, ஒட்டிய விதைகளோடு வீடு போய்ச் சேர்ந்ததாகவும் ஒரு கதை உண்டு. கதை நடந்ததோ இல்லையோ, விதையின் தன்மைக்கு அது பொருந்துகிறது.

மகரந்தச் சேர்க்கையில் கிழக்கு மத்தியதரைக்கடல் பகுதியின் சிவப்புப் பூக்களுக்குக் கிளாஃபிரிட் வண்டுகள் முக்கியம். சிவப்புக் கிண்ண வடிவம் அவற்றை ஈர்க்கிறது. அதே பகுதியில் ரனன்குலஸ், காட்டு டியூலிப், பாப்பி எல்லாம் அதே சிவப்புக் கிண்ணமாக இருப்பதற்கும் இந்த வண்டுகளே காரணம் என்று ஆய்வாளர்கள் விளக்குகிறார்கள். தொலைவில் நின்று பார்ப்பவர்கள் இவற்றைக் குழப்பிக்கொள்வதில் வியப்பில்லை.

---

மேட்டுவயல்:

நம் மலைக் கேள்விக்குப் பதில்: உண்டு. அனிமோன் ரிவுலாரிஸ். இமயமலையில் பரவலாக இருப்பது நீலகிரி, பழனி மலைகளின் உயர்ந்த புல்வெளிகளிலும் இலங்கையின் மேட்டுநிலத்திலும் வளர்கிறது. ரிவுலாரிஸ் என்றாலே ஓடைக்கரைக்கு உரியது என்று பொருள். ஈரமான புல்சரிவில், ஓடை ஓரத்தில் தேடுங்கள். கொரோனேரியாவைப் போல ஒரு தண்டில் ஒரே பூ இல்லை, கிளைத்த தண்டில் பல பூ. வெள்ளை இதழ், அதன் புறப்பக்கம் நீல ஊதாச் சாயல், நடுவில் நீலம் மின்னும் மகரந்தப் பைகள். விதையில் பஞ்சு கிடையாது, முனையில் வளைந்த கொக்கி இருக்கும். காற்றுப்பூ என்று பெயர், விதைக்குக் காற்று வேண்டாம்!

இதை வரைவது சிவப்பைவிடக் கடினம், ஆனால் அழகில் குறைந்ததல்ல. வெள்ளைத் தாளில் வெள்ளை இதழ் என்பதால், பின்னால் இருக்கும் புல்லின் பச்சையைக் கொண்டு இதழின் ஓரத்தை வெட்டியெடுங்கள், பென்சில் கோட்டால் அல்ல. இதழின் நிழலுக்கு அல்ட்ராமரினும் பர்ன்ட் அம்பரும் மிக மிக நீர்த்து. புறப்பக்க நீலம் இதழ் வழியே லேசாகத் தெரியும், அதைக் குளிர்ந்த நிழலாகவே பயன்படுத்தலாம். வளரும் இடங்களில் பெரும்பகுதி வனத்துறைக் காப்பில் உள்ளது. பறிக்காமல் அங்கேயே உட்கார்ந்து குறிப்பேட்டில் வரையுங்கள். காலை வெயில் ஏறிய பிறகு போனால்தான் பூ திறந்திருக்கும், மேகமூட்டத்தில் மூடிக்கொள்ளும்.

கொரோனேரியாவை நீங்களே வளர்க்க நினைத்தால் உதகை, கொடைக்கானல் போன்ற குளிரில் முயலலாம். சமவெளியில் கிழங்கு சூட்டில் முளைக்காமல் அழுகும். டி கேன் என்பது ஒற்றை அடுக்கு வகை, செயின்ட் பிரிஜிட் அடுக்குப் பூ. வரைவதற்கு டி கேன் வாங்குங்கள், நடுப்பகுதி முழுதாகத் தெரியும். உலர்ந்த கிழங்கு சுருங்கிய சுக்குத் துண்டு மாதிரி இருக்கும். நீரில் மூன்று நான்கு மணி நேரம் ஊறினால் போதும், இரவு முழுக்க விட்டால் மூச்சுமுட்டி அழுகும். கூர்முனை கீழே, எது கீழ் என்று தெரியாவிட்டால் படுக்கவைத்து நடுங்கள், முளை தானே வழி தேடிக்கொள்ளும். ஆழம் 5 செ.மீ., இடைவெளி 10 முதல் 15 செ.மீ. மண்ணில் மூன்றில் ஒரு பங்கு மணல். பெருமழை ஓய்ந்த பிறகு நட்டால் ஏறக்குறைய மூன்று மாதத்தில் பூ. முளை வரும்வரை மண் ஈரமாக இருக்கலாம், சேறாக இருக்கக் கூடாது. நட்டது வராமல் போவதற்குப் பெரும்பாலும் அதிகத் தண்ணீரே காரணம். பூத்து ஓய்ந்து இலை பழுத்ததும் தண்ணீரை நிறுத்திவிடுங்கள், கிழங்கு கோடையில் உறங்க வேண்டும்.

---

வண்ணக்கூடு:

எல்லோருக்கும் ஓர் எச்சரிக்கை. அனிமோன் தண்டை வெட்டினால் வரும் சாற்றில் புரோட்டோஅனிமோனின் உண்டாகும். தோலில் பட்டால் எரிச்சல், சிலருக்குக் கொப்புளம் வரும். காய்ந்த செடியில் அது வீரியம் இழந்துவிடும், பச்சைத் தண்டில்தான் கவனம். வெட்டியதும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத் தூரிகையைத் தொடுங்கள். நுனியைக் கூர்மையாக்கத் தூரிகையை வாயில் வைக்கும் வழக்கம் இருந்தால், இந்தப் பூ மேசையில் இருக்கும் நாளில் கண்டிப்பாக வேண்டாம். ஈரத் துணியில் உருட்டினாலே நுனி கூடிவிடும்.